முகத்தை எண்ணினால் போதாது

அமெரிக்கச் சிறார் புத்தகங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடமில்லை என்று யாராவது ஆரம்பித்தால், "இப்பதான் நிறைய வருதே" என்று உடனே பதில் வரும். வருகிறது, மறுக்கவில்லை. எழுதுவது யார்?

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மாடிசன் வளாகத்தில் உள்ள சிறார் நூல் மையம் 1985 முதல் இதை எண்ணி வருகிறது. அந்த ஆண்டு வெளியான சுமார் 2,500 நூல்களில் கறுப்பின எழுத்தாளரோ ஓவியரோ செய்தவை வெறும் 18. (பூஜ்யம் எதுவும் விட்டுப்போகவில்லை.) பிறகு கணக்கை இரண்டாகப் பிரித்தார்கள்: கறுப்பினத்தவரைப் பற்றியவை, கறுப்பினத்தவர் எழுதியவை அல்லது வரைந்தவை. 2013-இல் மையத்துக்கு வந்த சுமார் 3,200 நூல்களில் முதல் வகை 93, இரண்டாம் வகை 68. அடுத்த ஆண்டு முதல் வகை 180-க்கு எகிறியது. இரண்டாம் வகை 84-இலேயே நின்றது. முதல் எண்ணை மட்டும் பார்த்தவர்கள் இரட்டிப்பு என்று மகிழ்ந்தார்கள். கூடுதலாக வந்த கதைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒப்பந்தமும் முன்பணமும் வேறு கைகளுக்குப் போயின என்பதை இரண்டாம் எண்தான் சொல்கிறது.

இன்னொரு சல்லடையும் உண்டு. 1965-இல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர், 63 பதிப்பகங்கள் மூன்று ஆண்டுகளில் வெளியிட்ட 5,206 சிறார் நூல்களை ஆராய்ந்தார். ஒரு கறுப்பு முகமாவது தென்பட்டவை 349. அதோடு நிறுத்தியிருந்தால் 6.7 சதவீதம் என்று எழுதி முடித்திருக்கலாம். கதை எங்கே, எப்போது நடக்கிறது என்றும் அவர் பார்த்தார். ஏறக்குறைய 60 சதவீதம் அமெரிக்காவுக்கு வெளியே, அல்லது இரண்டாம் உலகப்போருக்கு முன்னால். சமகால அமெரிக்கக் கறுப்பினத்தவரைக் காட்டியவை 44 மட்டுமே.

மாடிசன் மையத்தின் 2018 கணக்கு இன்னும் வேடிக்கை. விலங்குகளும் பொம்மை வண்டிகளும் நாயகர்களாக வந்தவை 27 சதவீதம். கறுப்பின, ஆசிய, லத்தீன், பூர்வகுடிப் பாத்திரங்கள் எல்லாரையும் கூட்டினாலும் 23தான்.

பள்ளி நூலக அலமாரியைச் சோதிக்க நினைப்பவர்கள் அட்டைப்படத்தை நம்பாதீர்கள். விலங்குக் கதைகளை முதலில் தனியே எடுத்து வையுங்கள், இல்லையென்றால் சதவீதம் குழம்பும். மிச்சத்தில் ஒவ்வொரு நூலுக்கும் ஐந்து கட்டம் போதும்: கதையை நகர்த்துவது கறுப்பினப் பிள்ளையா, கூட்டத்தில் நிற்கும் தோழனா, நடப்பது எந்தக் காலம், எழுதியவர் யார், வரைந்தவர் யார் (படப் புத்தகத்தில் இருவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள், ஒன்றாக எண்ணினால் தவறு), எந்த வகை. கடைசிக் கட்டத்தில்தான் குட்டு வெளிப்படும். அடிமை முறை, குடியுரிமைப் போராட்டம், விளையாட்டு வீரர் வாழ்க்கை வரலாறு, இந்த மூன்றிலேயே குவிந்திருந்தால், பல் விழுந்த கதையும் பேய்க் கதையும் துப்பறியும் கதையும் அந்தப் பிள்ளைக்கு இல்லை என்று பொருள். கணக்கை பிப்ரவரியில் எடுக்கவே கூடாது. அது கறுப்பின வரலாற்று மாதம். இருப்பதையெல்லாம் முன்மேசையில் பரப்பி வைத்திருப்பார்கள். அக்டோபரில் போய்ப் பாருங்கள்.

யார் செய்தது என்ற கேள்வியாலும் எல்லாம் பிடிபடாது. 2016 ஜனவரியில் ஒரு பெரிய பதிப்பகம் ஒரு படப் புத்தகத்தை, அது வெளியான சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. ஜார்ஜ் வாஷிங்டனின் அடிமைச் சமையல்காரர் ஹெர்குலிஸ் தன் மகளோடு சேர்ந்து எசமானுக்குப் பிறந்தநாள் கேக் செய்கிறார், பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு. ஓவியர் கறுப்பினப் பெண்தான். மாடிசன் கணக்கின்படி இரண்டு வகையிலும் அது தேறிவிடும். ஆனால் உண்மையான ஹெர்குலிஸ் 1797 பிப்ரவரி 22 அன்று வாஷிங்டனின் பண்ணையிலிருந்து தப்பி ஓடினார். அன்று எசமானுக்கு 65-ஆவது பிறந்தநாள்.