தாட்சர் பேட்டியை விட்டுட்டீங்களே

ஸ்காட்லாந்துப் பத்திரிகையாளர் கிர்ஸ்டி வார்க் 2024-ல் பிபிசியின் நியூஸ்நைட் செய்தி நிகழ்ச்சியை விட்டு விலகியதைப் பற்றிக் கட்டுரை எழுதியவர், வார்க் அதில் சேர்ந்த 1993-லிருந்து கதையை ஆரம்பித்தது சரியில்லை. அதற்கு முன்பே 17 வருஷ உழைப்பு இருக்கிறதே! 1976-ல் பிபிசி ரேடியோ ஸ்காட்லாந்தில் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்தவர் அவர்.

திருப்புமுனை 1990-ல் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரை எடுத்த பேட்டிதான். இங்கிலாந்துக்கு ஒரு வருஷம் முன்னாடியே, 1989-லேயே, தலைவரியை (ஆளுக்கு இவ்வளவு என்று கட்டும் வரி) தாட்சர் அரசு ஸ்காட்லாந்து மக்கள் தலையில் கட்டியிருந்த நேரம். ஆங்கிலேயரான தாட்சர் ‘ஸ்காட்லாந்தில் நாங்கள்’ என்று பேச, அங்கே பலருக்கும் சுருக்கென்றது. வார்க் அசரவில்லை. இடைமறித்து, இடைமறித்துக் கேட்டார். மரியாதை இல்லை என்று சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கென்னவோ அதுதான் பேட்டி. மற்றதெல்லாம் மைக் பிடிக்கிற வேலை.