கூட்டத்தின் மேல் பழியைப் போடாதீர்கள்

வெள்ளிக்கிழமை ஆனால் போதும், டிஜேக்கள் பாட்டு வாங்கும் பீட்போர்ட், டிராக்ஸோர்ஸ் என்ற இரண்டு இணையதளங்களிலும் டீப் ஹவுஸ் என்ற நடன இசைத் தலைப்பில் புது டிராக்குகள் வந்து குவிகின்றன. உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தால் சனிக்கிழமை விடிந்துவிடும். பாதிக்கு மேல் ஒரே அச்சில் வார்த்தவை, அது வேறு விஷயம். மிச்சத்தில் நல்லதாக நாலைந்து தேறும். அதைப் புதுச்சேரியில் ஏன் போடுவதில்லை என்று இங்குள்ள டிஜே நண்பர்களைக் கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "நம்ம கூட்டம் பாட்டு வரி இல்லாம ஆடாது ப்ரோ."

இதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் போய் நின்று பாருங்கள். சாமி தீர்த்தவாரிக்கு வரும்போது மேளக்காரர்கள் ஒரே அடியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே சின்னச் சின்னதாக மாற்றிக்கொண்டே போவார்கள். பாட்டு கிடையாது, வரி கிடையாது. பையன்கள் வியர்த்து விறுவிறுத்து ஆடிக்கொண்டிருப்பார்கள். அதே பையன்கள்தான் சனிக்கிழமை ராத்திரி உங்கள் பப்புக்கும் வருகிறார்கள்.

டீப் ஹவுஸும் அப்படி மெல்ல மெல்ல ஏறுகிற சரக்குதான். நிமிடத்துக்கு 120 முதல் 124 அடி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிக் (டிரம்மின் கனத்த அடி), மேலே சோகமா சந்தோஷமா என்று பிடிபடாத கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள். இதற்கு வழி போட்டவர்களில் முதல் ஆள் சிகாகோவின் லாரி ஹெர்ட். 1986-இல் மிஸ்டர் ஃபிங்கர்ஸ் என்ற பெயரில் அவர் போட்ட இசைத்தட்டு இன்றைக்கும் எடுபடுகிறது. அவர் அடிப்படையில் டிரம்மர். கார்டு எவ்வளவு மிதந்தாலும் தாளம் தரையை விட்டு நகராமல் இருப்பதற்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றும். 2013, 14 வாக்கில் இங்கிலாந்தில் பாப் பட்டியலில் ஏறிய பாட்டுகளுக்கெல்லாம் டீப் ஹவுஸ் என்ற பெயரை ஒட்டிவிட்டார்கள். அந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை.

இப்போது வரும் புது வெளியீடுகளில் எனக்குள்ள பெரிய குறை நீளம். ஸ்ட்ரீமிங்குக்காக மூன்று நிமிடத்தில் வெட்டி, எடுத்த எடுப்பிலேயே குரலை வைத்துவிடுகிறார்கள். ஆடுதளத்துக்கு அது உதவாது. எக்ஸ்டெண்டட் மிக்ஸ் என்று ஆறு ஏழு நிமிட வடிவம் பெரும்பாலும் தனியாக விற்பனைக்கு இருக்கும். அதில் முதல் 32 பார் (நாலு அடி சேர்ந்தது ஒரு பார்) வெறும் தாளமாக இருந்தால், 124 வேகத்தில் கிட்டத்தட்ட ஒரு நிமிடம். முந்தைய டிராக்கோடு சேர்த்துக் கலக்க டிஜேவுக்குக் கிடைக்கும் இடமே அந்த ஒரு நிமிடம்தான். நம்மவர்கள் சிலர் அதையும் வாங்காமல் யூடியூபில் உருவி எடுத்ததைப் போடுகிறார்கள். பெரிய ஸ்பீக்கரில் ஹை-ஹாட் ஜால்ரா சத்தம் எல்லாம் உப்புக் காகிதம் தேய்த்த மாதிரி கேட்கும். இசைக்கலைஞர்கள் நேரடியாக விற்கும் பாண்ட்கேம்ப் தளத்தில் ஒரு டிராக்கின் விலை ஒரு பீரை விடக் குறைவு.

போன மாதம் ஒயிட் டவுனில் ஒரு மொட்டை மாடி பார். டிஜே நல்ல புது டிராக் ஒன்றை எடுத்தார். ஓரத்து மேசையில் கடலூரிலிருந்து வந்த ஒரு கும்பல். அதில் ஓர் அண்ணன் கிளாஸைக் கீழே வைக்காமலேயே இடது தோளை மட்டும் அசைக்க ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார். பேஸ் என்ற அடிநாதம் உள்ளே வர இன்னும் எட்டு பார் தாளம்தான் பாக்கி. அதற்குள் யாரோ ஒருவர் போனில் பாட்டுப் பெயரை டைப் செய்து நீட்ட, டிஜே பதறிப்போய் டிராக்கை வெட்டிவிட்டார். சினிமாப் பாட்டு வந்தது. நாலு பேர் கூவினார்கள், வீடியோ எடுத்தார்கள், உட்கார்ந்துவிட்டார்கள். அந்த அண்ணன் மறுபடி எழவே இல்லை.

பதற்றம் புரிகிறது. திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. எட்டரைக்கு வரும் கூட்டத்தைப் பத்துக்குள் ஆட வைத்தாக வேண்டும், முதலாளி வேறு கல்லாவையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் தென்னாப்பிரிக்காவில் இதே இசை பரவியது பணக்கார கிளப்புகளில் மட்டும் இல்லை. நம்ம ஊர் டெம்போ மாதிரி ஆள் ஏற்றி ஓடும் மினிபஸ் டாக்ஸிகளிலும்தான். அந்த நாட்டு டிஜே பிளாக் காபி 2022-இல் கிராமி விருது வரைக்கும் போனார். அங்கேயும் சாதாரண ஜனங்கள்தான் ஆடினார்கள்.

சரி, ஒரு பந்தயம். இந்தச் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு நாலு புது டிராக் எடுங்கள், எல்லாம் முழு நீளத்தில். மொத்தம் 25 நிமிடம் வரும். நடுவில் யார் போனை நீட்டினாலும் நிமிர்ந்து பார்க்காதீர்கள். அப்புறமும் தளம் காலியாகவே இருந்தால் தாராளமாகக் குத்துப் பாட்டுக்குப் போய்விடுங்கள். அன்றைய பில் என்னுடையது.