திறமை இல்லாமல் இல்லை
ஜப்பான் கால்பந்து கிளப்புகளுக்கு ஆசியாவில் தாக்குப்பிடிக்கத் திறமை போதவில்லை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2025 ஆசிய சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் ரொனால்டோ ஆடிய சவூதி அணி அல் நஸ்ரை 3-2 என வீழ்த்தியது ஜப்பானின் கவாசாகி. மூன்று கோலும் ஜப்பானியர் அடித்தவை! மூன்றே நாளில், அரையிறுதி நடந்த அதே சவூதி நகரமான ஜெத்தாவில், உள்ளூர் அணியான அல் அஹ்லியுடன் இறுதி ஆட்டம். அல் அஹ்லியின் கலேனோ பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து வளைத்து ஒன்று, கெஸ்ஸி தலையால் முட்டி ஒன்று. இரண்டுக்கும் பந்து கொடுத்தவர் ஃபிர்மினோ. முதல் பாதியிலேயே கதை முடிந்தது, மனசு கனத்துவிட்டது.

இதே கோப்பையை ஜப்பானின் காஷிமா வென்ற 2018 இறுதியில் அதன் இரு கோலையும் அடித்தவர்கள் லியோ சில்வா, செர்ஜின்யோ என்ற பிரேசில்காரர்கள்தானே? அப்படிப்பட்ட வெளிநாட்டு வீரர்களுக்கு இன்று சவூதி கிளப்புகளின் பணத்தோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. நல்ல உள்ளூர் பையன்களோ இளம் வயதிலேயே ஐரோப்பாவுக்குப் போய்விடுகிறார்கள்.