கிளிநொச்சி ஆருக்காக விலை ஏறுது?

கரடிப்போக்கில இருந்து டிப்போச் சந்தி வரைக்கும், யாழ்ப்பாணம் போற ஏ9 ரோட்டு ஓரத்தில ஒரு துண்டுக் காணி வாங்கிறதெண்டால் இப்ப வெளிநாட்டில ஆராவது இருக்கவேணும். வயல் பக்கம் போனால் சனம் இண்டைக்கும் ஏக்கரிலதான் கதைக்குது. ரோட்டோரத்தில பரப்புக் கணக்கு. ஏக்கருக்கு 16 பரப்பு, ஒவ்வொரு பரப்புக்கும் தனி விலை.

இந்த விலை எப்பிடி ஏறினது? சனம் கூரைத் தகரத்தையும் கழட்டிக்கொண்டு இடம்பெயர்ந்த ஊர் இது. 2009க்குப் பிறகு சீனக் கடனில ஏ9 காப்பெட் ரோட்டாச்சு. இந்தியக் கடனில போட்ட தண்டவாளத்தில 2013 செப்டெம்பரில ரயில் திரும்பி வந்தது. அந்தக் கடனை நாட்டுச் சனம் எல்லாம் சேர்ந்துதான் கட்டுது, கூலி வேலைக்குப் போறவரும் வாங்கிற சாமானுக்கு வரி கட்டித்தான் சாப்பிடுறார். ரோட்டால வந்த லாபம் மட்டும் கையில காணி உறுதி வைச்சிருக்கிறவைக்குப் போகுது. எனக்குக் கோவம் இதிலதான்.

இரணைமடுக் குளத்துத் தண்ணியை நம்பிக் குடியேறின சனத்தின்ர காணி பெரும்பாலும் அரச காணி. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ குடுத்த பெர்மிட், உறுதி இல்லை, அனுமதிப் பத்திரம் மட்டும்தான். பிரதேச செயலாளரின்ர சம்மதம் இல்லாமல் கைமாத்தேலாது.

எங்கட ஒழுங்கையில ஒரு அக்கா பெர்மிட்டை ஷொப்பிங் பாக்கில சுத்தி முள்ளிவாய்க்கால் வரைக்கும் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தவ. மடிப்பு மடிப்பாக் கிழிஞ்சு, செலோடேப் ஒட்டி, தகப்பன்ர பேரில இருக்கு. தகப்பன் இல்லை. பின்னுரித்தாளியா, தகப்பனுக்குப் பிறகு காணி சேரவேண்டிய ஆளா எழுதின தம்பியும் இல்லை. தையல் கடை போடக் கடன் கேட்டுப் போன இடத்தில, "பெர்மிட் உங்கட பேரில இல்லையே அம்மா" எண்டு அனுப்பிப்போட்டினம். காணி ஏ9இல இருந்து கூப்பிடு தூரம்.

பெர்மிட்டுக்குப் பதிலா முழு உறுதி குடுத்தால் சனம் வித்துப்போடும் எண்டு சொல்லுறவை இருக்கினம். இப்பவும் விக்குதுதானே! கள்ளமா, வெள்ளைத் தாளில கையெழுத்து வைச்சு, அடிமாட்டு விலைக்கு. வாங்கிறவருக்குத் தெரியும், விக்கிறவர் எங்கயும் போய் முறையிடேலாது எண்டு. மலையகத்தில இருந்து வந்த சனம் வாழுற மலையாளபுரம், பாரதிபுரம் பக்கம் கனபேருக்கு அந்தப் பெர்மிட்டும் இல்லை. நகரத்தின்ர சுமை தூக்கிற கையள் அவையின்ரதான்.

கிளிநொச்சி நகரத்தை அழகாக்கிற கதை வரேக்க எனக்குக் கொழும்புதான் ஞாபகம் வரும். 2010இல நகர அபிவிருத்தி அதிகார சபையைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ கொண்டுவந்து, விலைபோற நிலத்தில இருந்த ஏழைச் சனத்தை மாடிவீடுகளுக்கு ஏத்தினவை. நிலம் முதலீட்டாளருக்குப் போனது. பத்திரம் இல்லாத சனம் இருக்கிற எந்த நகரத்திலயும் இது சுகமா நடக்கும்.

2024இல 'உறுமய' எண்டு முழு உரித்துக் குடுக்கிற திட்டம் தொடங்கினது. ஆர் தொடங்கினது எண்டது எனக்கு முக்கியமில்லை. வன்னியில அதை நடத்தி முடியுங்கோ, மனிசன் மனிசி ரெண்டு பேரின்ர பேரிலயும் எழுதுங்கோ. பெர்மிட் தொலைஞ்சவைக்கு அயலவரின்ர சாட்சியை ஏற்றுக்கொள்ளுங்கோ. கரைச்சி பிரதேச சபை ஏ9 ஓரத்துக் கட்டடங்களுக்கு இண்டைய பெறுமதிக்குச் சோலைவரி (சபை அறவிடுற ஆதன வரி) போடட்டும், அந்தக் காசில உள்வீதிக்கு வடிகால் வெட்டட்டும். பூங்காவும் நடைபாதையும் இதுக்குப் பிறகு வரலாம்.