தவில்காரரின் கை அந்தரத்தில் நிற்கிறது

கணினியின் நினைவகமான ராமைக் கூட்டு, வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போடு, லேப்டாப்பையே மாற்று. வீடியோ வெட்டும்போது படம் இழுத்து இழுத்து ஓடுகிறது என்று வாயைத் திறந்தால் போதும், எல்லாரும் நம் பொக்கெற்றில்தான் கை வைக்கிறார்கள். 2022இல் இலங்கை ரூபாய் விழுந்த பிறகு கணினிச் சாமான்களுக்கு விலை கேட்கவே பயமாக இருக்கிறது. இவர்கள் எவ்வளவு லேசாகச் சொல்கிறார்கள்!

அக்காவின் மகளுக்கு வெள்ளவத்தையில் சாமத்தியவீடு. முழுவதையும் ஃபோனில் 4கேயில் எடுத்தோம். ஃபோனில் பார்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. எடிட்டிங் மென்பொருளில் போட்டால் மேளச் சத்தம் தன்பாட்டில் போகிறது, தவில்காரரின் கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. ஆலாத்தித் தட்டு ஒரு கணம் இடப்பக்கம், மறுகணம் வலப்பக்கம். நடுவில் சுற்றியதைக் காணோம். இதில் எந்த இடத்தில் வெட்டுவது?

பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த தம்பி லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ராம் காணாது அண்ணா. இன்னொரு 8 ஜிபி போடுவம், பறக்கும்." போட்டாயிற்று. தவில்காரரின் கை இறங்கவில்லை. திரும்பப் போனால், "அப்ப ஹார்ட் டிஸ்க்தான் ஸ்லோ அண்ணா." ஏன் தம்பி, ஃபோன் வீடியோவுக்குப் பெரும்பாலும் வினாடிக்கு 10 எம்பிகூட வேண்டாமே! பழைய சுழலும் டிஸ்க்கே அதைவிடப் பல மடங்கு வேகமாக வாசிக்குமே!

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. பல ஃபோன்கள் இப்போது எச்.265 என்ற முறையில் சுருக்கி எடுக்கிற வீடியோவில் ஒவ்வொரு படமும் முழுதாக இருப்பதில்லை. இடைக்கிடை ஒன்றுதான் முழுப்படம், மற்றவற்றில் என்ன மாறியது என்பது மட்டும். கடைக் கணக்குக் கொப்பியில் எப்போதோ ஒருமுறை மொத்தத்தை எழுதிவிட்டு, மீதி வரிகளில் கூட்டல் கழித்தலை மட்டும் எழுதுவது மாதிரி. நீங்கள் நடுவில் ஓரிடத்தைத் தொட்டால், பழைய மொத்தத்திலிருந்து கூட்டிக்கொண்டு வரவேண்டும். அதுவும் 4கே என்றால் ஒரு படத்துக்கு ஏறக்குறைய 83 இலட்சம் புள்ளிகள், முழு எச்டியைப்போல நான்கு மடங்கு. ஃபோனில் இதற்கென்றே தனி மின்சுற்று இருக்கிறது. லேப்டாப்பில் இருப்பது இன்டெல்லின் 6ஆம் தலைமுறைக்கு முந்திய பிராசசர் என்றால் எச்.265ஐ விரிக்க முழுமையான தனி மின்சுற்று கிடையாது, பாரம் பிராசசரின் தலையில்தான். இதில் ராம் வந்து என்ன செய்யும்?

சரி, தீர்வு? காசு செலவில்லாமல் மென்பொருளுக்குள்ளேயே கிடக்கிறது! அதுதான் எனக்கு வயிறு எரிகிறது. பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் பிரிவியூ திரைக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி, அதில் 1/2 அல்லது 1/4 என்று வைத்தால் படம் கொஞ்சம் மங்கும், ஓட்டம் சீராகும். அதுவும் போதாவிட்டால் ப்ராக்ஸி. பெரிய வீடியோவுக்குச் சின்ன நகல் எடுத்து, அதை வைத்து வெட்டுவது. கடைசியில் எக்ஸ்போர்ட் பண்ணும்போது மென்பொருள் அசலையே எடுத்துக்கொள்ளும், நகலால் தரம் ஒரு துளி குறையாது. பிரீமியர், டாவின்சி ரிசால்வ், இலவசமாகக் கிடைக்கும் கேடென்லைவ் எல்லாவற்றிலும் இது உண்டு. இரவு நகல் எடுக்கப் போட்டுவிட்டுப் படுங்கள். சார்ஜரைச் செருகி வையுங்கள், பட்டரியில் ஓடினால் பல லேப்டாப்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கலர், ஸ்லோமோஷன் போட்ட துண்டு மட்டும் திக்கினால் அந்தத் துண்டை மட்டும் ரெண்டர் பண்ணி, அதாவது முன்கூட்டியே வீடியோவாக ஆக்கிவைத்துப் பாருங்கள்.

இத்தனையையும் மெனுவுக்குள் மெனுவாகப் புதைத்து வைத்திருக்கிறார்களே, ஏன்? படம் திக்குகிறது என்று மென்பொருளுக்குத் தெரியும். ஓட்டத்தில் விட்டுப்போன படங்களை, அதாவது ஃபிரேம்களை, எண்ணிக்காட்டக்கூட பிரீமியரில் வசதி இருக்கிறது. எண்ணத் தெரிந்ததற்கு "ப்ராக்ஸி எடுக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

இந்த 4கேயும் என் ஆசை இல்லை. கனடாவிலிருந்து வீடியோ காலில் நின்றுகொண்டு, "வடிவா 4கேயில எடுங்கோ, டிவியில போட்டுப் பாக்கோணும்" என்றவர் பெரியம்மா. நேற்று எல்லாம் முடித்து, லிங்க் அனுப்பட்டுமா என்று கேட்டேன். "லிங்க் எல்லாம் எனக்குத் திறக்கத் தெரியாது ராசா, வட்ஸ்அப்பில போட்டுவிடு" என்கிறார். வட்ஸ்அப்பில்!