காது மெஷினை உள்ளே விடுங்கள்

கொரோனா பேச்சு வந்தாலே பெட் இல்லை, ஆக்சிஜன் இல்லை, ரெம்டெசிவிர் கிடைக்கவில்லை என்றுதான் ஆரம்பிக்கிறோம். நியாயம்தான். ஆனால் பெட்டும் ஆக்சிஜனும் கிடைத்து ஐசியூவுக்குள் போன வயசாளிகள் அங்கே எப்படி இருந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

2021 மே மாதம் நீலகிரியில் மூச்சு முட்டினால் பெரும்பாலும் மலையிறங்கத்தான் வேண்டும். குன்னூரிலிருந்து என் பெரியப்பாவை 108-ல் ஏற்றி, பர்லியார் வழியாகக் கோவைக்குக் கொண்டுபோனோம். ஐசியூ வாசலில் அவருடைய கண்ணாடி, பல்செட், காது மெஷின் மூன்றையும் ஒரு பாலிதீன் கவரில் போட்டு அண்ணன் கையில் கொடுத்துவிட்டார்கள். ‘தொலைந்தால் எங்களைக் கேட்கக் கூடாது.’ அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் போன் வந்தது. பேஷன்ட் ஒத்துழைக்கவில்லை, மாஸ்க்கைப் பிடுங்கி எறிகிறார், கையைக் கட்டியிருக்கிறோம்.

எப்படி ஒத்துழைப்பார்? அவருக்கு எதுவும் கேட்காது, எழுதிக் காட்டினால் படிக்க முடியாது. சுற்றி வருகிறவர்கள் எல்லோரும் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகமே கிடையாது. ராத்திரியும் பகலும் ஒரே டியூப்லைட். உடம்பில் ஆக்சிஜன் குறைந்தாலே வயசானவர்களுக்குப் புத்தி தடுமாறும். ஸ்டீராய்டும் தூக்கமின்மையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். டாக்டர்கள் இதை டெலிரியம் என்கிறார்கள். காது மெஷினையும் கண்ணாடியையும் திருப்பிக் கொடுப்பது, தெரிந்த குரல் ஒன்று பக்கத்தில் இருப்பது எல்லாம் அதைத் தடுக்கிற வைத்தியத்தில் சேர்த்தி. ஐசியூ வைத்தியமுறையிலேயே குடும்பத்துக்கு ஓர் இடம் உண்டு. நாம்தான் அதைச் சலுகை மாதிரி கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஹட்டி என்கிற நீலகிரிக் கிராமங்களில் பிறந்து வளர்ந்த படுகப் பாட்டிகளை யோசித்துப் பாருங்கள். தெளிவாக இருக்கும்போது தமிழ் நன்றாகவே பேசுவார்கள். புத்தி கலங்கினால் வாயில் வருவது தாய்மொழியான படுகுதான். கோவை நர்ஸுக்கு என்ன புரியும்?

நர்ஸுகளைக் குறை சொல்லவில்லை. அந்த உடுப்புக்குள் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஷிஃப்ட் முழுக்க நின்றவர்கள் அவர்கள். பெரியப்பாவின் காது மெஷினைக் கேட்டு வாங்கி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து மாட்டிவிட்டதும் ஒரு நைட் டியூட்டி நர்ஸ்தான். மறுநாளே கட்டை அவிழ்த்துவிட்டார்கள். ஆனால் ஒரு நல்ல மனுஷி கண்ணில் பட்டால்தான் நடக்கும் என்று இருக்கலாமா? அதை விதியாக எழுதி வைக்க வேண்டும்.

தொற்று பரவுமே என்பார்கள். 2020-ல் பிபிஇ உடுப்புக்கே தட்டுப்பாடு, ஒப்புக்கொள்கிறேன். 2021 ஏப்ரலிலேயே 45 வயதுக்கு மேல் எல்லோருக்கும் தடுப்பூசி வந்துவிட்டது. ஊசி போட்ட ஒருவரை, உடுப்பு மாட்டி, அரை மணி நேரம் உள்ளே விட்டிருக்கலாம். அதுவும் முடியாதென்றால் தினம் ஒரு வீடியோ கால்.

இப்போது ஊட்டியிலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்துவிட்டது. அடுத்த தொற்றுக்கு என்ன ஏற்பாடு என்று ஆக்சிஜனை மட்டும் கேட்காமல் இதையும் கேளுங்கள்.

வீட்டில் செய்யவேண்டியதும் உண்டு. காது மெஷின், அதற்கு இரண்டு செட் பேட்டரி, கண்ணாடி, பெயர் எழுதிய டப்பாவில் பல்செட், அவரை எப்படிக் கூப்பிடுவோம், எந்த மொழியில் பேசுவார் என்று எழுதிய ஒரு தாள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். அப்புறம், வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்று அவர்களிடமே இப்போதே கேட்டு வையுங்கள். நான் அம்மாவிடம் கேட்டேன். ‘அதை அப்புறம் பார்க்கலாம், முதலில் என் பல்செட்டை எவன் கையிலும் கொடுக்காதே’ என்றார்.