“சூரை அள்ள அள்ளக் குறையாது” என்ற செய்தி உண்மையா?

ராமேஸ்வரம், பாம்பன் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் சூரை (டூனா) மீன் பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது: “ஆழ்கடல் சூரைக்கு முடிவே கிடையாது. மானியப் படகு வாங்கினால் ஒரே நடையில் கடன் அடைந்துவிடும்.” (‘நடை’ என்றால் ஒருமுறை கடலுக்குப் போய்வருவது.) இரண்டுமே தவறு.

இந்தியப் பெருங்கடலின் மஞ்சள் துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதாக 2015இல் மதிப்பிடப்பட்டது. அதனால்தான் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2016இல் பிடிப்புக்கு வரம்பு கொண்டுவந்தது. வரிச்சூரை (ஸ்கிப்ஜாக்) வேகமாகப் பெருகும் இன்னொரு சூரை இனம், அதன் கணக்கு வேறு. எல்லாவற்றையும் “சூரை” என்று ஒரே கூடையில் போடுவதில்தான் குழப்பமே தொடங்குகிறது.

சரி, மானியம்? பாக் நீரிணை இழுவைப்படகுகளுக்கு மாற்றாக 2017இல் வந்த திட்டத்தில் அப்போது படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாயாக இருந்தது. மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, மீனவர் பங்கு 10. ஆனால் டீசல், ஐஸ், இரை, ஆள்கூலி எல்லாம் ஒவ்வொரு நடைக்கும் தனி. பாக் நீரிணை ஆழம் குறைந்தது. சூரைக்கு வெளிக்கடலுக்குத்தான் போக வேண்டும், பல நாள் தங்க வேண்டும்.

லாபம் எடையில் மட்டும் இல்லை. பிடித்தவுடன் ரத்தம் வடித்து, குடல் நீக்கி, ஐஸில் புதைத்த மீனுக்கே ஏற்றுமதி விலை கிடைக்கும். வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு உருவாகும், சமைத்தாலும் அது போகாது. குறைவாகப் பிடித்து நன்றாகப் பதப்படுத்தும் படகு, நிறையப் பிடித்துக் கெடுக்கும் படகைவிட அதிகம் சம்பாதிக்க முடியும். இந்தச் செய்தியை நம்பி நகையை அடகு வைக்கப் போகிறவர்கள், முதலில் ஒரு நடைக்கான செலவை எழுதிப் பாருங்கள்.